பாட்டை வாடகைக்கு மட்டும் தராதீங்க, விலைக்கும் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல தொழில்நுட்பக் கேள்வி பதில் பகுதியில ஒரு தம்பி கேட்டிருந்தாரு, மாசாமாசம் காசு கட்டுற மியூசிக் ஆப்ல டவுன்லோடு பண்ணி வச்ச பாட்ட அந்த ஆப்புக்கு வெளிய பாட விடாம வச்சிருக்கற பூட்ட எப்படி எடுக்கறது, எடுத்து எம்பி3-யா மாத்தி பென்டிரைவ்ல ஏத்த முடியுமான்னு. அதுக்கு வந்த பதில் ரெண்டே வரி. சட்டவிரோதம், ஜெயில் வரைக்கும் போகும், அந்தப் பக்கமே போகாதீங்கன்னு முடிச்சுட்டீங்க. பதில் பொய்னு சொல்ல வரலங்க. ஆனா அது பாதிதான். அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு தேவை ஏன் வந்துச்சுன்னு யாரும் கேக்கல, சட்டம் முழுசா என்ன சொல்லுதுன்னும் போடல, எல்லாத்துக்கும் மேல பூட்டு இல்லாத பாட்ட நேர்மையா காசு குடுத்து வாங்க வழி இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல. நான் கொடைக்கானல் மேல்மலையில பூண்டும் உருளைக்கிழங்கும் போடற விவசாயி. இந்த விஷயம் எங்க பக்கம் தினம் அடிபடற விஷயம், அதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், வெட்டாம போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

மேல்மலைன்னா வெளியூர்க்காரங்களுக்கு பூம்பாறை வரைக்கும் தெரியும், கோயிலுக்கு வருவாங்க, மன்னவனூர் ஏரிக்கு வருவாங்க. அதுக்கு அப்புறம் கவுஞ்சி, பூண்டி, கிளாவரைன்னு ரோடு போயிட்டே இருக்கு. அந்த ரோட்டுல எங்க டவர் எடுக்கும் எங்க எடுக்காதுன்னு எங்க பசங்களுக்கு மனப்பாடம், இந்த வளைவுல ஒரு புள்ளி, அந்த மேட்டுல ரெண்டு புள்ளி, நடுவுல ஒண்ணுமே இருக்காது. மழை காத்துன்னா கரண்ட் போகும், கரண்ட் போனா கொஞ்ச நேரத்துல டவரும் போயிடும். நெட் இருக்கற ஊர்ல உக்காந்து பாக்கறவங்களுக்கு ஆஃப்லைன்ல கேக்கறதுங்கறது ஒரு கூடுதல் வசதி. எங்களுக்கு பாட்டு கேக்கறதே அப்படித்தான்.

இங்க பாட்டு இல்லாம வேலை ஓடாது. விதைப்பூண்டு உடைக்கற நேரத்துல பொம்பளைங்க பத்து பேரு பன்னெண்டு பேரு வட்டமா உக்காந்திருப்பாங்க, நடுவுல ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், அதுல மெமரி கார்டு சொருகியிருக்கும், இல்லாட்டி கோடை பண்பலை 100.5 ஓடும். ரேடியோ எங்களுக்குக் கிடைச்ச பெரிய பாக்கியம்ங்க, டிரான்ஸ்மிட்டர் மலை மேல இருக்கறதால கீழ எத்தனையோ மாவட்டத்துக்கு கேக்குது, ஆனா நமக்கு வேணுங்கற பாட்டு நமக்கு வேணுங்கற நேரத்துல வராது இல்லையா, அதுக்குத்தான் கார்டும் பென்டிரைவும். ராத்திரி லோடு ஏத்திட்டு வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ எறங்கற பிக்கப் டிரைவருங்களுக்கு பாட்டுதான் தொணை. ரெண்டு மணி மூணு மணிக்கு பனி அடைச்சு முன்னாடி போற வண்டியோட செவப்பு லைட்டு கூட தெரியாத நேரத்துல கண்ணு சொக்காம இருக்கணும்.

எங்க அண்ணன் மகன் அப்படித்தான் பிக்கப் ஓட்றான். பசங்க இப்ப முன்ன மாதிரி இல்ல, மொபைல் கடையில இருபது ரூபா குடுத்து கார்டு நெறைய பாட்டு ஏத்திக்கற காலம் போச்சு, காசு கட்டியே கேப்போம்னு அவனே ஒரு ஆப்ல சேர்ந்தான். மாசம் நூத்திச் சொச்சம். கொடைக்கானல்ல நல்ல நெட் கிடைக்கற எடத்துல வண்டிய நிறுத்தி நானூறு ஐநூறு பாட்டு எறக்கி வச்சுக்கிட்டான். எல்லாத்துக்கும் பக்கத்துல பச்சை அம்புக்குறி வந்துடுச்சு, நம்ம கையில வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு பென்டிரைவ்ல மாத்தலாம்னு போனை கம்ப்யூட்டர்ல மாட்டித் தேடறான், பாட்டோட பேரே எங்கயும் இல்ல. எழுத்தும் நம்பரும் கலந்து பேரு வச்ச நூத்துக்கணக்கான கோப்பு கிடக்கு. அத அப்படியே காப்பி பண்ணி வண்டி ஸ்டீரியோவுல சொருகினா நோ ஃபைல்னு காட்டுது. சரி போகட்டும், ப்ளூடூத்ல போன்லேருந்தே கேட்டுக்கலாம்னு விட்டான், அது ஓடுச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒரு மாசம் பேங்க்ல ஆட்டோ டெபிட் ஏனோ போகல. அது இவனுக்குத் தெரியாது. பூண்டியில லோடு ஏத்திட்டு கெளம்பறான், பாட்டு எல்லாம் சாம்பல் நெறத்துல மங்கிப் போய் கிடக்கு, தொட்டா ஆன்லைனுக்கு வாங்கன்னு சொல்லுது. ஆன்லைனுக்கு எங்க வர்றது, டவர் எங்க இருக்கு. ராத்திரி முழுக்க சத்தமே இல்லாம வடுகபட்டி வரைக்கும் போயிட்டு வந்தான். அவன் காசு கட்டாம ஏமாத்தின ஆளு இல்ல. கணக்குல பணம் இருந்துச்சு, எடுத்துக்கற எடத்துல கோளாறு, பூட்டு விழுந்தது இவன் தலையில.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பல பேருக்குத் தெரியல, அதனாலதான் குழப்பம். டவுன்லோடு பண்ணும்போது போனுக்குள்ள வர்றது பாட்டுதான், ஆனா அது சங்கேத எழுத்துல கலைச்சுப் போட்ட பாட்டு. அத ஒழுங்குபடுத்திப் பாட வைக்கற சாவி தனியா வருது, அது அந்த ஆப்புக்கு மட்டும்தான் தெரியும், அந்தச் சாவிக்கு காலக்கெடு உண்டு. ஸ்பாட்டிஃபைய எடுத்துக்கிட்டா முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது ஆன்லைன் வரணும்னு அவங்களே சொல்லியிருக்காங்க, வந்தாத்தான் சந்தா இன்னும் ஓடுதான்னு பாத்துட்டு கெடுவ நீட்டும். சந்தா நின்னா சாவி செத்துடும். பாட்டு போன்லயேதான் இருக்கும், எடத்த அடைச்சுக்கிட்டு, ஆனா பாடாது. இதுக்குப் பேரு டிஆர்எம். அந்தத் தம்பி எடுக்கணும்னு கேட்டது இதத்தான்.

இப்ப என் கருத்தச் சொல்லிடறேன். சந்தா பாட்டுல பூட்ட ஒடைச்சு எம்பி3-யா மாத்தி வச்சுக்கறது சரியில்லங்க. குத்தகைக்கு எடுத்த காட்ட வெள்ளாமை முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும், கிரயம் பண்ணாத காட்டுக்கு பட்டா கேக்க முடியாது. மாசம் நூத்திச் சொச்சத்துக்கு கோடிக்கணக்கான பாட்டு கேக்கலாம்னா அது கிரய வெலை இல்ல, குத்தகைதான். ஒரே மாசம் காசு கட்டிட்டு அஞ்சாயிரம் பாட்ட எறக்கி பூட்ட ஒடைச்சுட்டு சந்தாவ நிறுத்திட்டா, பாட்டு எழுதினவரு, மெட்டு போட்டவரு, வயலின் வாசிச்சவரு, கோரஸ் பாடின பிள்ளைங்க இவங்க எல்லாருக்கும் சேர வேண்டியத நாம தின்னுட்டோம்னுதான் அர்த்தம். நம்ம நாட்டுல 2012-ல காப்புரிமைச் சட்டத்த திருத்தினப்போ பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில சம பங்கு உண்டு, அத அவங்க எழுதிக் குடுத்தாலும் அந்த உரிமை போகாதுன்னு கொண்டு வந்தாங்க. எத்தனை வருஷம் போராடி வாங்கினது அது. பாட்ட அவ்ளோ நேசிக்கறோம்னு சொல்லிக்கிட்டு பாட்டுக்காரங்க வயித்துல அடிக்கக் கூடாது. பூண்டு வெலை விழுந்தா எங்களுக்கு எப்படி வலிக்கும்னு எங்களுக்குத் தெரியும், அவங்க ஒழைப்புக்கும் அதே வலிதான்.

ஆனா சட்டத்தப் பத்தி நீங்க போட்டத கொஞ்சம் திருத்தியே ஆகணும். அதே 2012 திருத்தத்துலதான் 65ஏ-ன்னு ஒரு பிரிவு வந்துச்சு. உரிமையப் பாதுகாக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்ட ஒடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் அபராதமும் உண்டுன்னு அதுல இருக்கறது நெஜம். ஆனா அந்த வாக்கியத்துலயே "அந்த உரிமைய மீறணுங்கற நோக்கத்தோட" ஒடைச்சாங்கற நிபந்தனை இருக்கு. அதுக்கு அடுத்த உட்பிரிவுலயே, இந்தச் சட்டம் வெளிப்படையா தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செஞ்சா இது தடுக்காதுன்னும் இருக்கு. அதுக்கு உதவி பண்றவங்க யாருக்குப் பண்ணினோம், அவங்க பேரு விலாசம் என்னங்கற விவரத்த பதிஞ்சு வைக்கணும்னு கூட எழுதியிருக்காங்க. இன்னொரு பக்கம் 52-வது பிரிவுல சொந்த உபயோகத்துக்கு நியாயமா பயன்படுத்திக்கறதுக்கு எடம் குடுத்திருக்கு. அமெரிக்காவுல 1998-ல போட்ட டிஎம்சிஏங்கற காப்புரிமைச் சட்டத்துல, ஒடைக்கற நோக்கம் என்னன்னு பாக்காம பொதுவாவே ஒடைக்கறது தப்புன்னு வச்சுட்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எதுக்கெல்லாம் விலக்குன்னு ஒக்காந்து முடிவு பண்றாங்க. நம்ம ஆளுங்க அப்படியே அத காப்பி அடிக்காம நிதானமா எழுதியிருக்காங்க, அது எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. அதுக்காக சந்தா பாட்ட ஒடைக்கலாம்னு இந்தப் பிரிவு லைசென்ஸ் குடுக்குதுன்னு நான் சொல்லல, ஆப்ல சேரும்போது நாம ஒத்துக்கற நிபந்தனைன்னு ஒண்ணு தனியா இருக்கு, அத மீறினா கணக்க மூடிடுவாங்க. காசு குடுத்து சொந்தமா வாங்கின ஒண்ண தன் வண்டியில கேக்கறவனையும், ஊரெல்லாம் காப்பி போட்டு விக்கறவனையும் நம்ம சட்டம் ஒரே தட்டுல வைக்கலங்கறத உங்க வாசகருக்குச் சொல்லியிருக்கணும். ஜெயில்னு ஒத்த வார்த்தையில பயமுறுத்திட்டு போறது பத்திரிகைக்கு அழகில்ல.

இன்னொண்ணும் இதுல இருக்கு. காப்புரிமைக்கு காலக்கெடு உண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துலேருந்து 60 வருஷம், பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் அவங்க காலத்துக்கு அப்புறம் 60 வருஷம். பூட்டுக்கு அப்படி ஒரு கெடு கெடையாது. 60 வருஷம் ஆன பதிவுன்னா தானா தொறந்துக்கற பூட்டு எதுலயும் இல்ல.

காசு குடுத்தவனத்தான் பூட்டு வதைக்கும்னு ஒலகமே ஒரு தடவை பாத்து முடிச்சாச்சு. ஆப்பிள் 2003-ல ஐடியூன்ஸ் கடைய தொறந்தப்போ விலைக்கு வித்த பாட்டுக்கே பூட்டு போட்டுத்தான் வித்தாங்க, பாட்டுக் கம்பெனிங்க அப்படித்தான் வேணும்னாங்க. 2005-ல சோனி பிஎம்ஜிங்கற பாட்டுக் கம்பெனி இன்னும் ஒரு படி மேல போய் காசு குடுத்து வாங்கின சிடியில ஒளிச்சு ஒரு ப்ரோக்ராம வச்சாங்க, சிடிய கம்ப்யூட்டர்ல போட்டதும் அது சொல்லாம கொள்ளாம உள்ள போய் உக்காந்துக்கிச்சு, அத சாக்கா வச்சு வைரஸ்காரன் உள்ள நொழையற அளவுக்கு ஆச்சு, கடைசியில சிடிய எல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. இதுல நல்லா கவனிச்சுப் பாத்தா திருட்டு எம்பி3 எறக்கினவன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல, கடைக்குப் போய் நேர்மையா வாங்கினவன் கம்ப்யூட்டர்தான் கெட்டுது. 2007 பிப்ரவரியில ஆப்பிள் தலைவரா இருந்த ஸ்டீவ் ஜாப்ஸே வெளிப்படையா ஒரு கடிதம் எழுதினாரு, ஐபாட்ங்கற அவங்க பாட்டுக் கருவி ஒண்ணுல சராசரியா இருக்கற பாட்டுல 3 சதவீதத்துக்கும் கொறைவுதான் பூட்டு போட்டு வித்தது, மிச்சமெல்லாம் பூட்டில்லாதது, கம்பெனிங்களே சிடியில பூட்டில்லாமத்தான் வித்துட்டு இருக்காங்க, அப்பறம் இந்தப் பூட்டு எதுக்குன்னு. அந்த வருஷமே ஈஎம்ஐ-ங்கற வெளிநாட்டுப் பாட்டுக் கம்பெனி தன் பாட்டுலேருந்து பூட்ட எடுத்துச்சு, 2009-ல ஐடியூன்ஸ்ல வித்த பாட்டு எல்லாமே பூட்டில்லாததா ஆயிடுச்சு. அதனால பாட்டுக் கம்பெனி எதுவும் இழுத்து மூடிட்டுப் போகல.

அதே நேரத்துல மைக்ரோசாஃப்ட் என்ன பண்ணுச்சுன்னா, எம்எஸ்என் மியூசிக்னு ஒரு கடை வச்சு பூட்டு போட்ட பாட்டு வித்தாங்க. கடைய மூடினாங்க. 2008-ல, சாவி குடுக்கற சர்வரையும் ஆகஸ்ட் 31-ஓட நிறுத்தறோம்னு சொன்னாங்க. அப்படின்னா புது கம்ப்யூட்டர் வாங்கினா காசு குடுத்து வாங்கின பாட்டு அதுல பாடாது. ஜனங்க சத்தம் போட்டப்பறம் 2011 வரைக்கும் நீட்டிச்சாங்க. யாஹூவும் அதே 2008-ல தன் பாட்டுக் கடையோட சாவி சர்வர நிறுத்தறோம்னு சொல்லி அப்பறம் காசு திருப்பித் தர்ற நெலைமைக்கு வந்துச்சு. சின்னக் கடை இல்லைங்க இதெல்லாம், ஒலகத்துலயே பெரிய கம்பெனிங்க.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். ஃபிளிப்கார்ட் 2012-ல ஃப்ளைட்-னு ஒரு பாட்டுக் கடை ஆரம்பிச்சாங்க, ஞாபகம் இருக்கா தெரியல. பூட்டில்லாத எம்பி3, ஒரு பாட்டு சில ரூபாய்க்கே கிடைக்கும், தமிழ்ப் பாட்டும் இருந்துச்சு. 2013-லயே மூடிட்டாங்க, ஓடலன்னு. அந்த வருஷத்துல காசு குடுத்து பாட்டு வாங்கற பழக்கமே நம்மகிட்ட இல்ல, நெட்டும் பேங்க் கார்டும் பல பேருகிட்ட இல்ல, யூபிஐ வரவே இல்ல. ஆனா அன்னைக்கு வாங்கினவங்க பாட்டு இன்னைக்கும் அவங்க கிட்டயே இருக்கு, கடை மூடினதால ஒரு பாட்டும் ஊமையாகல. 2012 கடைசியில இந்தியாவுக்கு வந்த ஐடியூன்ஸ் கடையில வித்ததும் பூட்டில்லாததுதான். கூகுள் பிளே மியூசிக்லயும் விலைக்கு வாங்க முடிஞ்சுது, 2020 கடைசியில அத மூடும்போது விலைக்கு வாங்கினவங்க கோப்ப எறக்கி வச்சுக்க வழி குடுத்தாங்க. இப்ப சந்தா பக்கம் திரும்பிப் பாருங்க. 2024 ஜனவரியில ரெஸ்ஸோங்கற பாட்டு ஆப்ப மூடினாங்க. அதே வருஷம் ஏர்டெல்காரங்க விங்க் மியூசிக்க மூடினாங்க. எங்க பக்கம் பாதி பேரு ஏர்டெல் சிம்முதான், விங்க்-லதான் கேட்டுட்டு இருந்தாங்க. ஆப் போனா அதுக்குள்ள எறக்கி வச்சது எதுவும் நம்ம கூட வராது, பாத்துப் பாத்து சேத்து வச்ச லிஸ்ட்டும் போச்சு. ஆப் மூடாட்டியும் கம்பெனிக்கும் ஆப்புக்கும் சண்டை வந்தா பாட்டு காணாமப் போகும். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019-ல வந்த கொஞ்ச நாள்லயே சரிகம ஆடியோ கம்பெனியோட பிரச்சனை ஆகி எச்எம்வி காலத்துப் பழைய பாட்டெல்லாம் அதுல இல்லாமப் போச்சு, அடுத்த வருஷம்தான் ஒப்பந்தம் ஆகித் திரும்ப வந்துச்சு. பெரியவங்க கேக்கற பாட்டே அதுதான். நாம கட்டுற காசுல ஒரு பைசா கொறையல, பாட்டு மட்டும் கொறஞ்சுது.

இப்படி இருக்கையில பென்டிரைவ் வச்சிருக்கறவன் எங்க போவான்? ரெண்டு எடத்துக்குத்தான் போறான். ஒண்ணு, பூட்ட ஒடைச்சு மாத்தித் தர்றோம்னு வர்ற கன்வெர்ட்டர் சாஃப்ட்வேருங்க, பிளே ஸ்டோருக்கு வெளியேருந்து போன்ல ஆப் ஏத்தற ஏபிகே கோப்புங்க. இதுதான் எனக்கு ரொம்பப் பயம். பல ப்ரோக்ராமு உங்க மியூசிக் ஆப் கணக்கோட மெயிலும் பாஸ்வேர்டும் கேக்கும். அந்தப் பாஸ்வேர்டத்தான் நம்ம பசங்க எல்லாத்துக்கும் வச்சிருப்பாங்க. வாட்ஸாப்புல ஃப்ரீ பிரீமியம்னு வர்ற ஏபிகேவ எறக்கினா அது முதல்ல எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும், பாட்டு கேக்கற ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதுக்குங்க? பேங்க் ஓடிபி வர்றது அதுலதான். கூட்டுறவு சொசைட்டி கடன் காசும் பூண்டு வித்த காசும் வர்ற போன் அது. ஒரு பாட்டுக்காக அத்தனையையும் தொறந்து விடாதீங்கன்னு எங்க ஊர்ப் பசங்ககிட்ட நான் சொல்லிட்டே இருக்கேன், உங்க பேப்பர்லயும் சத்தமா சொல்லுங்க. ஜெயில்னு சொல்றத விட இது நெசமான ஆபத்து. ரெண்டாவது எடம், பழைய மாதிரி கடையில போய் கார்டு நெறைய ஏத்திக்கறது. அதுல பாட்டுக்காரங்களுக்கு ஒத்தப் பைசா போகாது.

ஆக பூட்டு திருட்டத் தடுக்குதான்னா, இல்ல. படம் வர்ற அன்னைக்கே பாட்டு எல்லாம் பூட்டில்லாம எங்கயோ கெடைக்குது, கடைக்காரர் அதுலேருந்துதான் ஏத்தித் தர்றாரு. பூட்டு யாரத் தடுக்குதுன்னா எங்க அண்ணன் மகன் மாதிரி காசு கட்டினவனத்தான்.

நான் கேக்கறது பூட்டு ஒடைக்கற வழி இல்ல. விலைக்கு விக்கற கடை. சந்தா இருக்கட்டும், அது வேணுங்கறவங்களுக்கு அது நல்லதுதான், புதுசு புதுசா கேக்கணுங்கறவங்களுக்கு அத விட சல்லிசா எதுவும் இல்ல. ஆனா அது பக்கத்துலயே ஒரு பட்டன் வைங்க, இந்தப் பாட்டு இத்தன ரூபா, கட்டினா பூட்டில்லாத கோப்பு உங்களுது, ஸ்டீரியோவுல போடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க, ஆப் இருந்தாலும் மூடினாலும் பாடும். பதினஞ்சு ரூபா இருபது ரூபா குடுக்க எங்க ஆளுங்க தயங்க மாட்டாங்க, யூபிஐல ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. 2012-ல ஓடலங்கறத இன்னைக்கும் சொல்லக்கூடாது, அன்னைக்கு பொட்டிக்கடையில க்யூஆர் அட்டை இருந்துச்சா? பேண்ட்கேம்ப்னு வெளிநாட்டுல ஒரு கடை 2008-லேருந்து நடக்குது, பூட்டில்லாம கோப்பாவே விக்கறாங்க, டிஜிட்டல் விற்பனையில 15 சதவீதம் கடைக்கு எடுத்துக்கிட்டு, பணம் வாங்கற செலவு போக மிச்சத்த கலைஞருக்கே குடுக்கறாங்க. தனியா ஆல்பம் போடற நம்ம பசங்களும் அதுல விக்கலாம். சினிமாப் பாட்டு உரிமை வச்சிருக்கற நம்ம ஆடியோ கம்பெனிங்க ஏன் அப்படி ஒரு தமிழ்க் கடை வைக்கக்கூடாது? சரிகம 2017-ல ரேடியோ மாதிரி இருக்கற கார்வான் பொட்டிய கொண்டு வந்தப்போ ஐயாயிரம் பாட்டு உள்ள இருக்குன்னு சொன்னதும் வீட்டுக்கு வீடு பெரியவங்களுக்கு வாங்கிக் குடுத்தாங்க, ஆயிரக்கணக்குல வெலை குடுத்து. நெட்டு இல்லாம, சந்தா இல்லாம, ஒரு தடவை காசு குடுத்தா பாட்டு நம்மளுதுங்கறதுக்கு ஜனங்க காசு குடுப்பாங்களான்னு இனி சந்தேகமே வேண்டாம். பழனி அடிவாரத்துல முருகன் பாட்டு பென்டிரைவ் வாங்கிட்டுப் போற கூட்டத்தப் பாத்தாலும் தெரியும்.

கடை வர்ற வரைக்கும் சந்தா ஆப்புங்களாவது ரெண்டு விஷயம் பண்ணலாம். சேரும்போதே பெரிய எழுத்துல, சந்தா நின்னா எறக்கின பாட்டும் நிக்கும், பென்டிரைவ்ல போகாதுன்னு தமிழ்ல எழுதுங்க, பாதிப் பேருக்கு அது தெரிஞ்சிருந்தா கோவமே வராது. அப்பறம் பேங்க் கோளாறுனால ஒரு மாசப் பணம் வரலன்னா அன்னைக்கே பூட்டாதீங்க, வருஷக்கணக்கா கட்டினவனுக்கு பத்து பதினஞ்சு நாள் அவகாசம் குடுங்க, டவர் கெடைக்கற எடத்துக்கு வந்து சரி பண்ணிக்குவான். 2021 அக்டோபர்ல ஆட்டோ டெபிட்டுக்கு ரிசர்வ் வங்கி புது விதி கொண்டு வந்தப்பவே எத்தனையோ பேரோட சந்தா பணம் போகாம நின்னுச்சு, அது நம்ம பாதுகாப்புக்குத்தான் வந்த விதி, அத நான் கொறை சொல்லல, ஆனா அந்த மாதிரி நேரத்துல பணம் போகாததுக்கு பாட்டு கேக்கறவன் மேல தப்பில்லன்னு ஆப்புக்காரங்களுக்கும் தெரியும்தானே.

உங்ககிட்ட கேக்கறது இதுதாங்க. அந்தக் கேள்வி பதில் பகுதியில இத இன்னொரு தடவை எடுங்க. 65ஏ பிரிவ முழுசா தமிழ்ல போடுங்க, காப்புரிமை வழக்கு பாக்கற ஒரு வக்கீல்கிட்ட கேட்டுப் போட்டீங்கன்னா இன்னும் நல்லது. பூட்டில்லாத தமிழ்ப் பாட்டு இன்னைக்கு எங்கெல்லாம் விலைக்குக் கெடைக்குதுன்னு உங்க நிருபர் யாரையாவது விசாரிச்சு ஒரு பெட்டிச் செய்தி போடச் சொல்லுங்க, எந்தப் போன்ல வாங்கலாம், எப்படிக் காசு கட்டறது, கோப்ப எப்படி பென்டிரைவ்ல ஏத்தறதுங்கற வரைக்கும். அதோட சென்னையில இருக்கற ஆடியோ கம்பெனிங்ககிட்ட, எங்க மலையில இருக்கறவங்க விலைக்குக் கேக்கறாங்க, ஏன் விக்க மாட்டேங்கறீங்கன்னு நேராவே கேளுங்க, அவங்க சொல்ற பதில அப்படியே போடுங்க. சினிமாப் பக்கத்துக்கு அவங்ககிட்ட பேசற உங்க ஆளுங்க இருக்காங்க, எங்க கேள்வி அவங்க மூலமாத்தான் போய்ச் சேரும். கேள்வி கேட்ட அந்தத் தம்பி எந்த ஊருன்னு நீங்க போடல, ஆனா வண்டி ஓட்டுற பையனா இருக்கும்னு எனக்குத் தோணுது, அந்தப் பெட்டிச் செய்தி வந்தா அவரு கண்ணுல படற மாதிரி அதே எடத்துல போடுங்க.

இப்படிக்கு,
மேல்மலை விவசாயி ஒருவர்,
மன்னவனூர், கொடைக்கானல் தாலுகா, திண்டுக்கல் மாவட்டம்.